பிள்ளையை விலக்கினால் கிருமி விலகாது

(சங்கத்தின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கிளைகள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



வழக்கமாக இந்த மேடையில் நாம் பேசுவது வீட்டைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, ரேஷன் கார்டைப் பற்றி, பட்டியலில் விட்டுப்போன பெயர்களைப் பற்றி. இன்று பேச வந்தது கூச்சப்படுகிற ஒரு காரியம். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே நம்மவர் பலரைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். ஆகவே இன்றைக்கு ஒரு நாள் கூச்சத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உட்காருங்கள். பெண்கள் எழுந்து போக வேண்டாம். இந்தப் பேச்சு முதலில் உங்களுக்காகத்தான்.

கூட்டம் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். நமது மாலை வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அது உண்மையா, பொய்யா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன். விசாரிக்க நமக்கு உரிமை கிடையாது. ஆனால் போன வாரம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. "அந்தப் பிள்ளையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்கிறோம்" என்று சிலர் சொல்லியனுப்பினார்கள். ஒரு தாய் நேரிலேயே வந்தார். "அண்ணாச்சி, நான் கெட்டவ இல்ல. ஆனா எல்லாப் பிள்ளையளும் ஒரே பானைத் தண்ணியக் குடிக்குதுவ. எம்பிள்ளைக்கு ஏதும் ஆயிட்டுன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்க?" என்றார்.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. பயம் தாய்க்கு இயற்கை. பயத்தைத் திட்டி விரட்ட முடியாது. தெரிந்துகொண்டால்தான் அது போகும். அவர் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். எச்.ஐ.வி. என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்கிருமி. நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. எந்த நோய் உள்ளே நுழைந்தாலும் எதிர்த்து நிற்கிற காவல் படை அது. அந்தப் படையில் சி.டி.4 என்று ஒரு வகை அணு. மற்ற அணுக்களைக் கூப்பிட்டு வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. அந்த மேஸ்திரியைத்தான் பிடிக்கிறது. அவனுக்குள் புகுந்து, தன்னைப் பெருக்கிக்கொண்டு, அவனை அழிக்கிறது. மருந்து சாப்பிடாவிட்டால், பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டுகளில் காவல் படை ஒடுங்கிவிடும். அப்போது காசநோய், நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் உடம்பு தாங்காது. அந்தக் கடைசி நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. இருப்பவர் எல்லாருக்கும் எய்ட்ஸ் இருப்பதாக நினைப்பது தவறு. இடைப்பட்ட அந்த எட்டுப் பத்து ஆண்டுகளும் ஆள் நம்மைப் போலவே வேலைக்குப் போவார், லோக்கலில் தொங்குவார், சிரிப்பார். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

இந்தக் கிருமி எப்படிப் பரவுகிறது? நான் ரயில்வேயில் வேலை பார்க்கிறவன், ரயில்வே கணக்கிலேயே சொல்கிறேன். தண்டவாளம் இல்லாத இடத்துக்கு வண்டி போகாது. இந்தக் கிருமிக்குத் தண்டவாளம் நான்கே நான்குதான்.

ஒன்று, கிருமி உள்ளவரோடு ஆணுறை இல்லாமல் கொள்ளும் உடலுறவு. ஆணும் பெண்ணுமானாலும் சரி, ஆணும் ஆணுமானாலும் சரி, திருநங்கையானாலும் சரி, வழி ஒன்றுதான். ஆசனவாய் வழி உறவில் ஆபத்து இன்னும் கூடுதல். பிறப்புறுப்பில் புண்ணோ சீழோ இருந்தால் கிருமி நுழைவது மேலும் எளிது.

இரண்டு, கிருமி உள்ள இரத்தத்தை உடம்பில் ஏற்றிக்கொள்வது.

மூன்று, ஒருவருக்குக் குத்திய ஊசியைச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குக் குத்துவது. போதை ஊசியைப் பங்கு போட்டுக்கொள்வதும் இதில் சேர்ந்தது.

நான்கு, கிருமி உள்ள தாயிடமிருந்து கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ குழந்தைக்குப் போவது.

உலகம் முழுவதும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவிட்டார்கள். 1981இல் அமெரிக்காவில் முதல் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1983இல் பாரிஸில் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கோடிக்கணக்கான குடும்பங்களில் கிருமி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து வாழ்ந்திருக்கிறார்கள். சேர்ந்து வாழ்ந்ததால் மட்டும் யாருக்கும் இது தொற்றவில்லை.

ஆகவே அந்தத் தாய்க்குச் சொல்கிறேன்: பானைத் தண்ணீரில் வராது. எச்சில் டம்ளரில் வராது. தொட்டால் வராது, தும்மினால் வராது. வியர்வையில் வராது, கண்ணீரில் வராது. பொதுக் கக்கூஸில் வராது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், ஒரே பென்சிலைக் கடித்தால், கட்டிப் புரண்டு விளையாடினால் வராது.

"கொசு கடித்தால்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. தாராவியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. மலேரியாவும் டெங்குவும் கொசுவால்தானே வருகின்றன? ஆனால் அந்தக் கிருமிகள் கொசுவின் உடம்புக்குள் வளரக் கூடியவை. எச்.ஐ.வி.க்கு வளர மனித அணு வேண்டும். கொசுவின் வயிற்றில் அது செத்துப்போகும். மேலும் கொசு கடிக்கும்போது நமக்குள் விடுவது அதன் எச்சிலைத்தான், முன்னால் குடித்த இரத்தத்தை அல்ல. கொசு பரப்புவதாக இருந்தால் மழைக்காலம்தோறும் சால் சாலாக, கைக்குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லாருக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லையே!

நம்முடைய பத்துக்குப் பத்து கோலியில் காற்றில் பரவுகிற நோய் ஒன்று உண்டு. அது காசநோய். எச்.ஐ.வி. உள்ளவர் உடம்பை அது சீக்கிரம் பிடிக்கும் என்பதால் காசநோய்க்காரர் எல்லாரையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேசாமல் இருக்கிறோம். ஒன்றும் செய்யாத பிள்ளையைக் கண்டு ஓடுகிறோம். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்குப் பயப்படுவதுதான் நம் அறியாமை.

தோழர்களே, இனி கசப்பான பகுதிக்கு வருகிறேன். இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்தது தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த மாணவி நிர்மலா. இந்தியாவில் இதெல்லாம் இருக்காது, நாம் ஒழுக்கமான நாடு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். இவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார்கள். அதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போய்ச் சோதித்தபோது ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. டாக்டர் சுனிதி சென்னையில் தோல் வணிகம் செய்த ஒரு மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர். மும்பையில் தோல் பதனிட்ட தமிழர்கள் நாம்; சென்னையில் தோல் விற்ற மராத்தியர் அவர்கள். அந்த வீட்டுப் பெண் நம் மக்களுக்காக வாழ்நாளைச் செலவிட்டு 2015இல் மறைந்தார்.

1990இல் இன்னொன்று நடந்தது. இந்த மும்பையின் விபசார விடுதிகளிலிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை மீட்டு ரயிலில் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வண்டிக்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். முக்தி என்றால் விடுதலை. அவர்களில் பலருக்குக் கிருமி இருந்தது. அந்தக் காலத்தில் சென்னையில், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காப்பகத்தை விட்டு வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்துக்குப் போனார். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே கதவு திறந்தது.

அந்தப் பெண்களுக்கு ரயில் விட்டோம். அவர்களிடம் போய் வந்த ஆண்களுக்கு ரயில் விட்டோமா? அவர்களுக்கு ரயில் விட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்களே டிக்கெட் எடுத்துக்கொண்டு பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுபோன கிருமி ஊரில் காத்திருந்த மனைவிக்குப் போயிற்று. அவள் வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் போயிற்று. ஊரில் என்ன சொன்னார்கள்? "பம்பாய்க்காரன் கொண்டுவந்த நோய்" என்றார்கள். இங்கே என்ன சொன்னார்கள்? "வெளியூர்க்காரன் கொண்டுவந்த நோய்" என்றார்கள்.

நான் நம்மவர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது வயதில் பிழைப்புக்கு வந்து, ஒரு கோலியில் பன்னிரண்டு பேர் ஷிப்டு போட்டுத் தூங்கி, ஆண்டுக்கு ஒரு முறை மனைவியைப் பார்க்கிற வாழ்க்கையை நாம் விரும்பித் தேர்ந்தெடுத்தோமா? குடும்பத்தோடு இருக்க வீடும், பிரசவத்துக்கு ஊருக்குப் போய்வர சம்பளத்தோடு விடுமுறையும் கொடுக்காத ஊரில், நோய்க்கு நாமே தண்டவாளம் போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வீட்டுக்காக நாம் போராடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் வீடு கிடைக்கும்வரை கிருமி காத்திருக்காது. ஆகவே நம் கையில் இருப்பதை நாம் செய்தாக வேண்டும்.

நான்கு தண்டவாளத்தையும் எப்படிப் பெயர்ப்பது?

முதலாவதற்கு: ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்கிற, இருவருக்கும் கிருமி இல்லை என்று சோதித்துத் தெரிந்த உறவில் ஆபத்தில்லை. மற்ற எல்லா உறவிலும் ஒவ்வொரு முறையும் ஆணுறை. 'ஒரு முறைதானே' என்பதும் கிடையாது, 'தெரிந்த ஆள்தானே' என்பதும் கிடையாது. இளைஞர்கள் கவனியுங்கள்: உறையின் மேல் தேதி இருக்கும், பாருங்கள். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்துச் சூடேறிய உறை கிழியும். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் இற்றுப்போகும். ஒன்றை ஒரு முறைக்குத்தான். அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மெடிக்கல் கடையில் கேட்க வெட்கப்படுகிறவன், பிறகு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டிவரும். குடித்துவிட்டுப் போனால் உறை ஞாபகம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புண், சீழ், எரிச்சல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடமும், சாலையோரக் கூடாரத்து மருந்துக்காரரிடமும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

ஒரு சகோதரி கேட்டார்: "வீட்டுக்காரரிடம் உறை போடு என்று சொன்னால், என்மேல் சந்தேகமா என்று அடிக்க வருவாரே?" இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆண்களுக்குத்தான் சொல்கிறேன்: மனைவி கேட்டால் அது சந்தேகம் அல்ல, உயிர்ப் பிச்சை. அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஊரிலிருந்து குடும்பத்தை அழைத்து வரும்போதும், கல்யாணம் பேசும்போதும், இருவரும் மனமொத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இரத்தப் பொருத்தமும் பார்த்தால் குறைந்துவிட மாட்டோம். ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது, பெண்ணை மட்டும் சோதிக்கவும் கூடாது.

இரண்டாவது தண்டவாளம் இரத்தம். காசுக்கு இரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 தொடக்கத்திலிருந்து தடை செய்துவிட்டார்கள். உரிமம் பெற்ற இரத்த வங்கியில் சோதித்த இரத்தத்தையே கேளுங்கள். கிருமி நுழைந்த சில வாரங்களுக்குச் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால், ஆபத்தான உறவு கொண்டவர் அந்தச் சமயத்தில் இரத்ததானம் செய்யாமல் இருப்பதே பெரிய தானம்.

மூன்றாவது ஊசி. எதற்கெடுத்தாலும் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்பது நம் பழக்கம். உத்தரப்பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டம் பாங்கர்மாவ் பகுதியில், பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு ஒரே ஊசியை எல்லாருக்கும் போட்ட போலி வைத்தியரால் நாற்பது பேருக்கு மேல் கிருமி தொற்றியதாக 2018இல் செய்தி வந்தது. அவர்களும் நம்மைப் போன்ற ஏழைகள்தான். புது ஊசியை நம் கண் முன்னால் உறை பிரித்துப் போடச் சொல்லுங்கள். பச்சை குத்தினாலும் புது ஊசி. சலூனில் புது பிளேடு. போதை ஊசியில் சிக்கிய பிள்ளைகளைப் போலீசிடம் காட்டிக் கொடுப்பதைவிடச் சிகிச்சைக்குக் கூட்டிப் போவது மேல்.

நான்காவது தாய். எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால், கிருமி உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். தாய் கர்ப்பத்திலேயே மருந்தைத் தொடங்கி, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே பிள்ளை உண்டான முதல் மாதங்களிலேயே ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து சோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிற பெண்கள் இங்கே செய்த சோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே போய் முதலிலிருந்து தொடங்கினால் நாள் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்தாலோ, பலாத்காரம் நடந்தாலோ, துப்புரவு வேலையில் ஊசி குத்தினாலோ, 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 28 நாள் மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குப்பை அள்ளுகிற, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற தோழர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

சரி, சோதித்துப் பார்த்தோம், கிருமி இருக்கிறது என்றால் என்ன? வாழ்க்கை முடிந்துவிட்டதா? இல்லை. கிருமியை உடம்பிலிருந்து முழுவதும் ஒழிக்கும் மருந்தோ, வராமல் தடுக்கும் தடுப்பூசியோ இன்னும் புழக்கத்தில் இல்லை. இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவன் மோசக்காரன். ஆனால் கிருமியைத் தூங்க வைக்கும் கூட்டு மருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் அது பணக்கார நாட்டு மருந்து. ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2001இல், இதே மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்லா கம்பெனி அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குச் சொன்னது. விலை சரிந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இந்திய அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் இங்குள்ள ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் ஒன்று, சென்னைக்குப் பக்கத்துத் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இன்றைக்கு நமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியிலேயே சோதனையும் மருந்தும் இலவசம். 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த எல்லாருக்கும், உடம்பு கெடும்வரை காத்திராமல் மருந்து தருகிறார்கள். பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை.

மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால், சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடும். அப்படி அடங்கிய நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால்கூட மற்றவருக்குக் கிருமி போகாது என்பதை உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட ஆயிரக்கணக்கான தம்பதியரைப் பல ஆண்டுகள் பார்த்துக் கண்ட உண்மை இது. மருந்து சாப்பிடுகிறவர் தன்னை மட்டுமல்ல, ஊரையும் காப்பாற்றுகிறார். ஊர்க் கொடைக்கு ஒரு மாதம் போகிறவர் முன்னதாகவே மையத்தில் சொல்லிக் கூடுதல் நாளுக்கு மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

நாட்டில் 2023 மதிப்பீட்டின்படி 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். மாநிலங்களில் மராட்டியத்தில்தான் எண்ணிக்கை அதிகம். அந்த ஓராண்டில் மட்டும் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 68 ஆயிரம். மருந்து இருக்கிறது, சோதனை இருக்கிறது, உறை இருக்கிறது. பிறகு ஏன் இன்னும் பரவுகிறது?

இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2018 டிசம்பரில் நம்மில் பலருக்குப் பக்கத்து ஊரான சாத்தூரில், கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அந்த இரத்தத்தைக் கொடுத்தவன் ஓர் இளைஞன். தனக்குக் கிருமி இருப்பது அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தபோதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவன் ஓடி ஒளியவில்லை. தான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே போய்ச் சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அந்த நேர்மையான பிள்ளை சில நாட்களில் விஷம் குடித்து இறந்துபோனான். அந்தப் பெண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். மறு மாதம் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைச் சோதித்தபோது கிருமி இல்லை.

எண்ணிப் பாருங்கள். மருத்துவத்தால் அந்தக் குழந்தையைக் கிருமியிலிருந்து காப்பாற்ற முடிந்தது. அந்த இளைஞனையும் மாத்திரை காப்பாற்றியிருக்கும். அவனைக் கொன்றது கிருமி அல்ல. 'இனி ஊர் என்ன சொல்லும்' என்ற பயம். தெரிந்தவன் சொல்லப் பயந்தால், மற்றவன் சோதிக்கப் பயந்தால், கிருமிக்கு நாமே ஐந்தாவது தண்டவாளம் போட்டுத் தருகிறோம். மற்ற நான்கையும் திறந்து வைத்திருப்பது இந்த ஐந்தாவதுதான்.

சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 1997இல் நம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தினக்கூலியாக வேலை பார்த்த தொழிலாளிக்குக் கிருமி இருக்கிறது என்று பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் தன் பெயரை வெளியிடாமலே வழக்கு நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. வேலை செய்ய உடம்பில் தெம்பு இருக்கும்போது, கூட வேலை செய்பவர்க்கு ஆபத்தில்லாதபோது, கிருமியைக் காட்டி வேலையைப் பறிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஒரு தினக்கூலித் தொழிலாளி வாங்கித் தந்த தீர்ப்பு அது. 2017இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. ஒருவருக்குக் கிருமி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீங்கள் அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் சாலில் ஒருவர் இந்த நோயில் இறந்தார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்றாள். ஊருக்குப் பணம் அனுப்பிக் குடும்பத்தைத் தூக்கிவிட்ட மனிதர் அவர். பாடையைத் தூக்க நான்கு பேர் கிடைக்கவில்லை. அந்த அக்கா குழாயடிக்கு வந்தால் எல்லாரும் விலகுவார்கள். கடைசியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவள் பிடித்துவிட்டுப் போனதும் அந்த இடத்தில் பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். ஊற்றியவர்களில் நானும் ஒருவன். பெரியவர்கள் வாளியைக் கையில் கொடுத்தார்கள், ஊற்றினேன். அந்த அக்கா திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அவளுக்கு 2004 ஏப்ரல் வரை உயிர் இருந்ததா, எனக்குத் தெரியாது. அந்த வாளியின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் கையில் அந்த வாளியைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஐந்து காரியங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று, மாலை வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாகவே நடக்கும். தனிப் பெஞ்சு, தனி டம்ளர் கிடையாது.

இரண்டு, எந்தப் பிள்ளை என்று யாரும் கேட்கக் கூடாது. தெரிந்தவர் சொல்லவும் கூடாது.

மூன்று, வகுப்பில் முதலுதவிப் பெட்டியும் கையுறையும் வைக்கப்படும். எந்தப் பிள்ளைக்கு அடிபட்டாலும் ஒரே முறைதான்: கையுறை போட்டுக் காயத்தைக் கழுவி, கட்டுப் போட்டு, சிந்திய இரத்தத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும்.

நான்கு, பெண்களுக்கென்று தனிக் கூட்டம், பெண் மருத்துவரை அழைத்து.

ஐந்து, சோதனைக்குப் போகத் துணை வேண்டுபவர்களோடு சங்கத் தோழர் ஒருவர் ஆஸ்பத்திரிவரை வருவார். எதற்கு என்று எழுதி வைக்க மாட்டார்.

சம்மதம் உள்ளவர்கள் பேச்சு முடிந்ததும் கை தூக்குங்கள். சம்மதம் இல்லாதவர்கள் எழுந்து கேள்வி கேளுங்கள். விடியும்வரை பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பு திறந்திருக்கும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அதே பெஞ்சில் உட்காருவாள், அதே பானைத் தண்ணீரைக் குடிப்பாள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.